ஐ-130 போட்டாச்சு, முடிவு வரேல்லை. அவரைப் பார்க்க நியூ ஜேர்சி போகலாமோ?

ஊசிநூல் | வியாழன் இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் எழுதுறன்.

நான் ஸ்காபரோ, கனேடியன் சிற்றிசன். அவர் நியூ ஜேர்சி, அமெரிக்கன் சிற்றிசன். வைகாசியில இங்க எழுத்து முடிஞ்சுது, ஆனியில அவர் எனக்கு ஐ-130 (மனுசியை அங்க கூப்பிடுற ஸ்பொன்சர் மனு) போட்டவர். றிசீற் வந்தது. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மார்கழியில எனக்கு வேலையில 12 நாள் லீவு கிடைக்குது. காரை எடுத்துக்கொண்டு போர்ட் ஈரியில பீஸ் பிரிட்ஜைக் கடந்து அப்பிடியே போவம் எண்டு நினைச்சன். பெரியம்மா என்னெண்டா, "கேஸ் நடக்கேக்க போடர் பக்கம் தலைவைச்சும் படுக்காத, கேஸை மூடிப்போடுவாங்கள்" எண்டு நிக்கிறா. அவற்ற சிநேகிதர் ஒருத்தர், "கலியாணம் எண்டே வாய் திறக்காத, சொப்பிங் எண்டு சொல்லு" எண்டுறார். ஆரின்ர சொல்லைக் கேக்கிறது?

இன்னொண்டு. என்ர தையல் மெசினையும் இந்தமுறை கொண்டுபோய் அங்க வைக்கிற யோசனை இருக்கு. எப்பிடியும் போகப்போற சாமான்தானே. அதில ஏதும் பிரச்சினை வருமோ?

பழையகோப்பு | வியாழன் இரவு 11.03

தங்கச்சி, பெரியம்மாவின்ர பயத்தை முதல்ல எடுத்து ஒரு பக்கம் வையுங்கோ. ஐ-130 நிலுவையில கிடக்கிறது போறதுக்குத் தடை இல்லை. கனேடியன் சிற்றிசனுக்கு ஆக்களைப் பார்க்கப் போக விசா தேவையில்லை, கேஸ் போட்டதால அது மாறாது. போய்வந்ததுக்காக ஒருத்தரும் கேஸை மூடவும் மாட்டினம்.

ஆனா விடுறதும் விடாததும் போடரில அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஒபிசரின்ர கையில. அமெரிக்கச் சட்டத்தில 214பி எண்டு ஒரு பிரிவு இருக்கு. வாற ஆள் தங்கிவிடத்தான் வாறார் எண்டுதான் அது தொடங்கும். இல்லை, திரும்பிப் போவன் எண்டு காட்டவேண்டியது உங்கட பொறுப்பு. மற்ற ஆக்களுக்கு அது பேருக்குத்தான். உங்களுக்கு அப்பிடி இல்லை, "இவ இங்க குடியேறப் போறா" எண்டு மனுசனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கிறார். அதால "குடியேறுவியா" எண்டு கேட்க அவைக்கு ஒரு தேவையும் இல்லை. "இந்தமுறையே நிண்டுவிடுவியா" எண்டுதான் பாப்பினம். அந்த ஒரு கேள்விக்குப் பதிலைத் தயார்பண்ணுங்கோ.

நான் ஒருக்காத் திரும்பிவந்த ஆள். நாளைக்கு விபரமா எழுதுறன். மெசினைத் தொடாதேங்கோ.

டெட்ராய்ட்காரன் | வியாழன் இரவு 11.31

உங்க பெரியம்மா சொன்னது முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாதுங்க. அவங்க வேற கேஸைக் கேள்விப்பட்டிருப்பாங்க.

அமெரிக்காவுக்குள்ளயே இருந்துக்கிட்டு ஐ-485 (கிரீன்கார்ட் மனு) போட்டிருக்கவங்க, அட்வான்ஸ் பரோல்ங்கிற பயண அனுமதி கைக்கு வராம வெளிய கால் வச்சா, அந்த மனுவைக் கைவிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க. ஹெச்-1பி, எல்-1 மாதிரி சில விசா ஸ்டேட்டஸ்ல இருக்கவங்களுக்கு விலக்கு உண்டு. "கேஸ் நடக்கும்போது எல்லையைத் தாண்டாதே"ங்கிறது அங்கேர்ந்து கிளம்பின பேச்சு. (இங்க டெட்ராய்ட்ல தப்பான எக்ஸிட் எடுத்தா நேரா அம்பாசடர் பிரிட்ஜ்தான். ஐ-485 போட்டுட்டு அந்தப் பக்கம் கார் ஓட்டுறவங்க படுற பாடு தனி.)

உங்களுது கனடாவுல இருந்துக்கிட்டே முடியுற கேஸ். யூஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) சம்மதிச்சதும் என்விசிங்கிற விசா மையத்துக்குப் போகும், டிஎஸ்-260ங்கிற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்புவீங்க, கடைசியில மொன்றியல் தூதரகத்துல நேர்காணல். நடுவுல போயிட்டு வர்றதுக்கும் இதுக்கும் முடிச்சு இல்ல.

வடக்குக்காற்று | வெள்ளி காலை 7.48

எல்லாரும் சேர்ந்து பிள்ளையைப் பயப்படுத்துறியள். நான் இதே நிலைமையில நாலு தரம் போயிட்டன். ஒருக்காவும் கலியாணம் எண்டு சொன்னதில்லை. "ஃபிரெண்டைப் பார்க்கப் போறன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிருவன்." அவ்வளவுதான், ரெண்டு நிமிசம். நீங்களாப் போய் "எனக்கு ஸ்பொன்சர் நடக்குது" எண்டா அவங்கள் கேள்வி கேக்காமல் என்ன செய்வாங்கள்? வாயைக் குடுத்து வாங்கிக் கட்டாதேங்கோ.

நடுப்பாலம் | வெள்ளி காலை 8.20

வடக்குக்காற்று, நீங்கள் நாலு தரமும் தப்பினது உங்கட கெட்டித்தனம் இல்லை, கேள்வி வரேல்லை, அவ்வளவுதான்.

கேட்காததைச் சொல்லாமல் விடுறது ஒண்டு, கேட்டதுக்குப் பொய் சொல்லுறது இன்னொண்டு. "ஆரைப் பார்க்கப் போறீர்" எண்டு கேட்டால் கட்டின மனுசனை ஃபிரெண்ட் எண்டு சொல்லுறது ரெண்டாவது வகை. பிரிவு 212(ஏ)(6)(சி)(ஐ). உள்ள போறதுக்காக முக்கியமான விசயத்தில தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னதா ஒருக்காத் தீர்மானிச்சுட்டால் அந்தத் தடை அஞ்சு வருசம், பத்து வருசம் இல்லை, ஆயுளுக்கும். பிறகு ஐ-601 எண்ட மன்னிப்பு மனுவைப் போட்டு, நீங்கள் வராட்டி உங்கட மனுசனுக்குக் கடுமையான கஷ்டம் எண்டு நிரூபிக்கவேணும். ரெண்டு கிழமை லீவுக்காக முழுக் கேஸையும் பணயம் வைக்கிறதோ?

ஐ-130இல உங்கட பேர், பிறந்த திகதி எல்லாம் இருக்கு. அது அவையின்ர திரையில தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டே கதையுங்கோ. போனையும் வாங்கிப் பாக்கலாம், அந்த அதிகாரம் அவைக்கு இருக்கு. "ஃபிரெண்ட்" எண்டு சொன்ன ஆளின்ர போனில முகப்புப் படமே மணவறையில எடுத்தது எண்டா?

வடக்குக்காற்று | வெள்ளி காலை 8.41

நான் பொய் சொல்லச் சொல்லேல்லை. அளந்து கதைக்கச் சொன்னன்.

நடுப்பாலம் | வெள்ளி காலை 8.44

அளந்து கதைக்கிறதில எனக்கும் சம்மதம். அதுக்கு "என்ர ஹஸ்பண்டைப் பார்க்கப் போறன், 12 நாள்" எண்டு சொன்னாலே காணும். அதுவும் சின்ன வசனம்தான்.

பழையகோப்பு | வெள்ளி இரவு 9.15

நேற்றுச் சொன்ன கதை. எந்தப் பாலம், எந்த வருசம் எண்டதெல்லாம் வேண்டாம்.

அப்ப மனுசி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஐ-130 போட்டு ஏழு மாசம். எனக்கு வேலை முடிஞ்சு ரெண்டு கிழமை, அடுத்த வேலை இன்னும் தொடங்கேல்லை. சரி, ரெண்டு மாசம் போய் நிப்பம் எண்டு வெளிக்கிட்டன். ஒபிசர் கேட்டார், எவ்வளவு நாள்? ரெண்டு மாசம். எங்க வேலை? இப்ப இல்லை. பின்னுக்கு என்ன இருக்கு? உடுப்பு.

உடுப்பு மட்டும் இல்லை. ட்றங்கைத் திறக்கச் சொன்னார். நாலு சூட்கேஸ், ஒரு கொம்பியூட்டர் மொனிற்றர், போர்வையால சுத்தின மேசைவிளக்கு. அதுக்குக் கீழ ஒரு நீல ஃபைல். என்ர பிறப்புப் பத்திரம், பட்டச் சான்றிதழ், கலியாணப் பத்திரம், எல்லாம் ஒறிஜினல். வீட்டில விட்டிட்டுப் போனா துலைஞ்சுபோகும் எண்ட நல்லெண்ணத்தில எடுத்துவைச்சது. அவர் அந்த ஃபைலை ஒவ்வொரு தாளாத் திருப்பேக்க எனக்கே விளங்கிற்று. நான் அவற்ற இடத்தில நிண்டாலும் விட்டிருக்கமாட்டன்.

உள்ளுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மூண்டரை மணித்தியாலம். கைரேகை, படம், கேள்வி பதில் எல்லாத்தையும் தட்டச்சடிச்சு வாசிச்சுக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து. கடைசியில, உம்மட விண்ணப்பத்தை நீரே திரும்ப எடும் எண்டார். அந்தத் தாள்தான் ஐ-275. அதில கையெழுத்து வைச்சுப்போட்டு அதே பாலத்தால திரும்பி வந்தன். விளக்கு பின்னுக்கு உருண்டுகொண்டு வந்த சத்தம் இப்பவும் காதுக்க நிக்குது.

இதில விளங்கிக்கொள்ளவேண்டியது என்னெண்டா, திரும்ப எடுக்கிறது தடை இல்லை. அவை விரும்பியிருந்தால் உடனடி வெளியேற்றம் எண்டு எழுதியிருக்கலாம், அது அஞ்சு வருசத் தடை. நான் ஒண்டும் ஒளிக்காததால அந்தப் பக்கம் போகேல்லை எண்டு நினைக்கிறன். பிறகு டிஎஸ்-260இல "அனுமதி மறுக்கப்பட்டதோ" எண்ட கேள்விக்கு ஓம் எண்டு போட்டன். மொன்றியல் நேர்காணலில அதைப்பற்றி ஒரு கேள்வி, ஒரு நிமிசம், முடிஞ்சுது. இப்ப நான் அமெரிக்காவிலதான் இருக்கிறன்.

அதுதான் மெசின் வேண்டாம் எண்டது. உங்கட ட்றங்க் 12 நாளுக்குப் போற ஆளின்ர ட்றங்க் மாதிரி இருக்கவேணும்.

ஊசிநூல் | வெள்ளி இரவு 9.52

அண்ணை, அந்த நீல ஃபைல் கதையை வாசிச்சுப்போட்டு எழும்பிப் போய் என்ர பையைத் திறந்து பாத்தன். பிறப்புப் பத்திர ஒறிஜினல் அதுக்குள்ள. சத்தியமா.

குளிர்குருவி | சனி காலை 10.05

சிற்றிசன் எண்டபடியால் உங்களுக்கு இவ்வளவு கதைக்கக் கிடைச்சிருக்கு. நான் கனடா பிஆர் (நிரந்தரவாசி), கையில இலங்கை பாஸ்போர்ட். எனக்கு பி1/பி2 விசிட்டர் விசா இல்லாமல் பாலத்துக்குக் கிட்டவும் போகேலாது. அந்த விண்ணப்பத்தில, "உங்களுக்காக ஆரும் குடியேற்ற மனுப் போட்டிருக்கினமோ" எண்டு நேராவே கேள்வி இருக்கு. ஓம் எண்டு போட்டன். நேர்காணல் நாலு நிமிசம். 214பியில மறுப்பு எண்டு ஒரு தாளைத் தந்து விட்டினம்.

இல்லை எண்டு போட்டிருக்கலாமே எண்டு சொந்தக்காரர் எல்லாரும் ஏசினவை. மேல நடுப்பாலம் எழுதினதை அவைக்கு அனுப்பப்போறன்.

இப்ப அவர்தான் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வாறார். கிறீன்கார்ட்காரர். பாஸ்போர்ட்டும் கார்ட்டும் கையில இருந்தால் கனடாவுக்கு விசா தேவையில்லை, 2022 சித்திரையில இருந்து ஈடிஏயும் (ஒன்லைன் பயண அனுமதி) தேவையில்லை. பஃபலோவில இருந்து ரெண்டு மணித்தியால ஓட்டம்.

டெட்ராய்ட்காரன் | சனி காலை 11.18

குளிர்குருவி சொல்றது நல்ல வழி. "நான் போறேன்"னு நிக்காம "அவரை வரச் சொல்லு"ன்னு யோசிக்கணும். அமெரிக்க சிட்டிசன்னா பாஸ்போர்ட் மட்டும் போதும். கனடாவுல யாரும் அவரைக் குடியேற வந்தவர்னு பார்க்கப் போறதில்ல, கேஸ் இந்தப் பக்கம்தானே.

ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. அவருக்குப் பழைய டியூஐ (குடிச்சிட்டு ஓட்டின வழக்கு) ஏதாவது இருந்தா கனடா எல்லையில நிறுத்த வாய்ப்பு இருக்கு. குடிச்சிட்டு ஓட்டுறதுக்கு 2018 டிசம்பர்ல இருந்து கனடாவுல அதிகபட்ச தண்டனை 10 வருஷம்னு ஆக்கிட்டாங்க, அதனால அது கடுமையான குற்றக் கணக்குல வருது. நண்பர் ஒருத்தர் கல்லூரிக் காலத்துல மாட்டினது, பதினஞ்சு வருஷம் கழிச்சு வருங்கால மாமனார் முன்னாடி வெளிய வந்துச்சு.

ரெண்டாம்மாடி | சனி மதியம் 1.40

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்க கே-1 போட்டிருக்கோம், அதுக்கான மனு ஐ-129எஃப் நிலுவையில. நான் வான்கூவர், அவங்க சியாட்டில். அடுத்த மாசம் போகும்போது அங்கயே கோர்ட்ல சிம்பிளா கல்யாணத்தை முடிச்சுட்டு நான் திரும்பி வந்துட்டா?

நடுப்பாலம் | சனி மதியம் 2.02

முடிச்சால் கே-1 அந்த நிமிசமே செத்துப்போகும். அது வருங்கால மனுசன் மனுசிக்குரிய விசா, உள்ள போன பிறகு 90 நாளுக்குள்ள கட்டவேணும் எண்டதுதான் அதின்ர அடிப்படை. கட்டினபிறகு நீங்கள் அந்த வகையில இல்லை. ஐ-130 எண்டு முதல்ல இருந்து தொடங்கவேணும், கட்டின காசும் போச்சு. விசிட்டராப் போய்க் கலியாணம் கட்டிப்போட்டுத் திரும்பிறது சட்டப்படி சரி. கே-1ஐ வைச்சுக்கொண்டு அதைச் செய்யேலாது, அவ்வளவுதான்.

விசிட்டராப் போய், அங்கயே கட்டி, அங்கயே நிண்டு ஐ-485 போடுவம் எண்டு மனதில திட்டத்தோட போறது இன்னொரு கதை. பெட்டிக்குள்ள இருந்தவருக்கு "சுத்திப்பார்க்க" எண்டு சொன்னது அப்ப பொய்யா நிக்கும்.

மட்டுறுத்துநர் | சனி மாலை 6.30

இழையில் ஒருவர் தன் றிசீற் படத்தை அப்படியே ஏற்றியிருந்தார். நீக்கிவிட்டோம். மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் உள்ள அந்த எண்ணைப் பொதுவில் போட வேண்டாம்.

பழையகோப்பு | ஞாயிறு காலை 9.20

தங்கச்சி தனிமடலில கேட்டதுக்கு இங்கயே பதில், மற்றவைக்கும் உதவும்.

வேலையிடத்தில ஒரு கடிதம் வாங்குங்கோ. "இவ எங்களிட்ட வேலைசெய்யிறா" எண்டு மட்டும் காணாது, லீவு எந்தத் திகதி தொடங்குது, எந்தத் திகதி வேலைக்குத் திரும்பவேணும் எண்டு இருக்கவேணும். எல்லாத்திலயும் பலமான தாள் அதுதான். கடைசி ரெண்டு சம்பளத் துண்டு. வாடகை ஒப்பந்தம். ஐ-130 றிசீற்றின்ர பிரதி ஒண்டும் வையுங்கோ. கனபேர் அதை ஒளிப்பினம். நான் சொல்லுவன், ஒழுங்கான வரிசையில நிண்டு காத்திருக்கிற ஆள் எண்டு காட்டுறது அந்தத் தாள்தான், அதைக் குழப்ப உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனா கேட்டால் மட்டும் நீட்டுங்கோ. கண்ணாடியை இறக்கினவுடன ஃபைலைத் தூக்கிக் குடுத்தால் அதுவே சந்தேகம்.

லாப்டொப் கொண்டுபோறதெண்டால், "அங்க இருந்து வேலைசெய்வன்" எண்டு நாக்குத் தவறியும் சொல்லுற நிலைமையில இருக்காதேங்கோ. அதாவது, செய்யாதேங்கோ. விசிட்டருக்கு வேலை அனுமதி இல்லை.

ஒரு தரத்துக்கு ஆறு மாசம் வரை விடலாம் எண்டது உண்மை. அதுக்காகப் பதினொரு கிழமை அங்க, ஒரு கிழமை இங்க எண்டு போய்வந்தால், குடியிருக்கிறது எங்க எண்டு கேப்பினம். ரெண்டு நாடும் போக்குவரத்துத் தரவைப் பகிருகினம், நாள் கணக்கு அவையிட்ட இருக்கு. ஒன்ராறியோக்காரர் ஓஹிப்பையும் (மாகாண மருத்துவக் காப்புறுதி) மறக்கக்கூடாது, 12 மாசத்துக்க 153 நாள் மாகாணத்துக்க நிக்கவேணும்.

ஊசிநூல் | ஞாயிறு இரவு 8.11

பியர்சனால பறந்தால் நல்லமோ, காரில போறது நல்லமோ?

நடுப்பாலம் | ஞாயிறு இரவு 8.37

பியர்சனில அமெரிக்கச் சோதனை ரொறன்ரோவிலயே முடிஞ்சுவிடும். மறுத்தால் வீட்டுக்கு ஊபர் பிடிக்கலாம், ஆனா ரிக்கெற் காசு போகும், விமானம் வெளிக்கிடப்போகுது எண்ட பதட்டமும் சேரும். காரில எண்டா உள்ள இருத்தி வைச்சாலும் கார் உங்களுக்காக நிக்கும். பஸ்ஸை மட்டும் விடுங்கோ. எல்லாரையும் பையோட இறக்கி வரிசையில விடுவினம், உங்களை மட்டும் மறிச்சு வைச்சால் பஸ் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

ஊசிநூல் | தை மாதம், செவ்வாய் இரவு 9.26

போயிட்டு வந்திட்டன்! ஆரும் இதே கேள்வியோட வந்தால் உதவும் எண்டு எழுதுறன்.

விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு ஏழேகாலுக்குப் பாலம். எனக்கு முன்னால ரெண்டு கார். கண்ணாடியை இறக்கினவுடன குளிர் முகத்தில அடிச்சுது. பாஸ்போர்ட்டை நீட்டேக்க கை நடுங்கினது குளிரிலதான் எண்டு அவ நினைச்சிருப்பா எண்டு நம்புறன். பொம்பிளை ஒபிசர், நடுவயது.

எங்க போறீர்? நியூ ஜேர்சி. ஆரிட்ட? என்ர ஹஸ்பண்டிட்ட. அவர் அங்க என்ன செய்யிறார்? பிறந்து வளர்ந்தது அங்க, வேலையும் அங்க. நீர் ஏன் இங்க? இந்தக் கேள்விக்கு ஒரு செக்கன் தொண்டை அடைச்சுது. "ஐ-130 போட்டிருக்கிறம், முடியுமட்டும் நான் ரொறன்ரோவிலதான்" எண்டன். திரையைப் பாத்தா. எப்ப திரும்பிறீர்? மூண்டாம் திகதி, நாலாம் திகதி வேலை. கடிதம் இருக்கோ? நீட்டினன். வாசிச்சா, முழுக்க வாசிச்சா. பிறகு ட்றங்கைத் திறக்கச் சொன்னா. ஒரு சூட்கேஸ், அவருக்கு வாங்கின குளிர்ச் சப்பாத்து ஒரு பெட்டி. மூடினா. "குட் லக் வித் த கேஸ்" எண்டா. ஆறு நிமிசம் இருக்கும்.

பாலம் தாண்டி முதல் வந்த பெற்றோல் ஸ்டேசனில நிப்பாட்டி அழுதிட்டுத்தான் அவருக்குப் போன் எடுத்தன். அவர் பயந்துபோனார், திருப்பி அனுப்பிட்டாங்கள் எண்டு.

பாஸ்போர்ட்டில முத்திரை ஒண்டும் குத்தேல்லை, தாளும் தரேல்லை. அது பரவாயில்லையோ?

பழையகோப்பு | செவ்வாய் இரவு 9.58

தரைவழியாப் போற கனேடியன் விசிட்டருக்குப் பெரும்பாலும் ஐ-94 (உள்ள வந்ததுக்கான பதிவு) தாறதில்லை. திரும்பி வந்த அண்டு கனடாப் பக்கம் பெற்றோல் அடிச்ச துண்டு ஏதும் இருந்தால் எறியாமல் வையுங்கோ. ஆரும் பிறகு கேட்டால், நீங்கள் சொன்ன நாளில திரும்பினதுக்கு அது சாட்சி.

நல்ல சந்தோசம் தங்கச்சி.

வடக்குக்காற்று | புதன் காலை 7.30

வாழ்த்துகள். வாற மாசம் நான் போறன். இந்தமுறை ஹஸ்பண்ட் எண்டு சொல்லிப் பாப்பம்.

ரெண்டாம்மாடி | புதன் காலை 8.15

அக்கா, தையல் மெஷின் என்னாச்சு? விக்கிற யோசனை இருந்தா சொல்லுங்க, என் அக்கா ஸ்காபரோலதான் இருக்கா.

ஊசிநூல் | புதன் காலை 8.22

விக்கிறதோ! வீட்டில ஜன்னலுக்குக் கீழ அதே இடத்தில இருக்கு. விசா வந்த அண்டு ட்றங்கில முதல் ஏறுறது அதுதான்.